ஒரு கட்டை கீழே

எங்கள் குழுவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை என்பதைத்தான். மட்டக்களப்பில் ரொக் வாசித்த முதல் குழு நாங்கள் என்று கிற்றார்காரன் கனடாவிலிருந்து முகநூலில் எழுதுகிறான். அது பொய். எங்களுக்கு முன்பும் வாசித்தார்கள், எங்களை விட நன்றாகவும் வாசித்தார்கள். நாங்கள் சத்தமாக வாசித்தோம். அவ்வளவுதான்.

நான்கு பேர். பாடுகிறவன் செட்டிபாளையத்தான், வயல் செய்கிறவன். கிற்றார்காரனும் நானும் கல்லடிக்காரர். ட்றம்ஸ் அடிக்கிறவன் ரவுணில் இருக்கிற போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை, தச்சு வேலை. நான் பேஸ் கிற்றார். வயிற்றுப்பாட்டுக்கு மோட்டர் சுற்றுகிறேன். தண்ணீர் மோட்டரோ ஆலை மோட்டரோ எரிந்துபோனால் பழைய கம்பியை உருவி எறிந்து புதிதாகச் சுற்றிக் கொடுப்பது என் தொழில்.

ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். ட்றம்ஸ்காரனின் மனிசி. பறங்கியர் கலியாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எங்களோடு ஒரேயொரு பாட்டுக்குத்தான் வாசிப்பாள். ஆனால் அந்தப் பாட்டு அவள் இல்லாமல் தொடங்காது.

அந்தப் பாட்டு பாடுகிறவன் எழுதியது. மாரி வெள்ளம் வாவியில் முட்டி நிற்கும்போது முகத்துவாரத்து மணல் மேட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவார்களே, அதைப் பற்றியது. முதலில் வயலின் மட்டும். பிறகு வயலினோடு அவன் குரல். நான்கு வரி முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இறங்குவோம். கடைசியில் ‘வெட்டுடா வாயை, வெள்ளம் போகட்டும்’ என்று ஒரு வரி. ‘போகட்டும்’ என்ற சொல்லில் குரல் மேலே, மிக மேலே போய் நிற்கும். அந்த இடத்துக்காகத்தான் சனம் எங்களைக் கூப்பிட்டது. மற்றப் பாட்டுகளுக்கு நடுவில் சனம் தேநீர் குடிக்கப் போகும்.

குழு நின்றதற்கு நாட்டில் நடந்த சண்டைதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சண்டைக்குள்ளும் வாசித்தோம். கிற்றார்காரன் விமானம் ஏறினான், நின்றது. இருபது வருடத்துக்கு மேல் என் பேஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கழுத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

போன வருடம் அவன் போன் எடுத்தான்.

“மச்சான், சித்திரைக்கு வாறன். ஒருக்கா ஏறுவமா?”

“எதில?”

“மேடையிலடா, விசரா.”

செட்டிபாளையத்தில் சித்திரை விளையாட்டு விழா முடிந்து பின்னேரம் இசை நிகழ்ச்சி வைப்பார்கள். ஊர் இளைஞர் கழகத்தோடு அவனே கதைத்து முடித்துவிட்டுத்தான் எங்களிடம் கேட்டிருக்கிறான். அதுதான் அவன் பழக்கம். இரண்டு கமெராக்காரர்களையும் பிடித்திருந்தான். அங்கேயுள்ள கூட்டாளிகளுக்கு வீடியோவில் காட்ட வேண்டுமாம். எனக்கு அப்போதே எரிச்சல். ஆனாலும் அன்றைக்கே போய்ப் புதுக் கம்பி வாங்கினேன்.

முதல் பயிற்சி ட்றம்ஸ்காரனின் தச்சுப் பட்டறையில். மேசைகளையும் பாதி செய்த அலுமாரி ஒன்றையும் ஒதுக்கிவிட்டு நின்றோம். பாடுகிறவன் கடைசியாக வந்தான். வெயிலுக்குள் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தான். ஏனென்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் சத்திரசிகிச்சை. கழலை எடுத்தார்கள். குரலுக்கு ஒன்றும் இல்லை, மெல்ல மெல்லச் சரிவரும் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னான். நாங்கள் கேட்காமலே சொன்னான்.

பாடினான். கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வயது ஏறிய குரல், கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. கேட்க நன்றாயிருந்தது. ‘போகட்டும்’ வந்ததும் உடைந்தது. ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். உடனே அதை இருமலாக்கினான்.

“தூசுடா,” என்றான்.

“ஓம் ஓம், மரத்தூள்தான்,” என்றான் ட்றம்ஸ்காரன். “நாளைக்குக் கூட்டி வைக்கிறன்.”

பாடுகிறவன் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கிற்றார்காரன் தன் கிற்றாரைத் துடைத்துக்கொண்டே, “வீடியோவில இது வரக்கூடாது மச்சான்,” என்றான்.

“இறக்குவம்,” என்றேன்.

சொன்னது நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இறக்குவது எங்களுடைய பழைய வேலை. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பாட்டு எந்தக் கட்டையிலோ அதற்கு ஒரு கட்டை கீழே கம்பிகளைத் தளர்த்திவிட்டால் முழுப் பாட்டும் கீழே இறங்கும், உச்சமும் இறங்கும். விரல்கள் பழைய இடத்தில்தான் நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த நாட்களில் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் வாயால் சொல்லமாட்டான். நாங்கள் சொன்னால் கோபித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவான். ஒருமுறை நிகழ்ச்சியை விட்டே போயிருக்கிறான். அதனால் அவனுக்குத் தெரியாமல் இறக்கப் பழகினோம். அவனுக்குக் காது நல்ல காது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு சத்தம் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அது மேலேயா கீழேயா என்று பார்க்கமாட்டான். குரல் லேசாக வருகிற நாள் என்று நினைத்துக்கொள்வான்.

இறக்குகிற நாட்களில் வயலின்காரிக்கு இடமில்லை. இன்றைக்கு நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடக்கத்தைக் கிற்றாரில் வாசிப்போம். அவளிடம் சொன்னால் ஒளிக்கமாட்டாள் என்பதுதான் காரணம். முதன்முதல் நாங்கள் இறக்க நினைத்தபோது அவளிடம் கேட்டோம். “அவன்ட முகத்துக்கு நேரே சொல்லுங்களன், ஏன் கள்ள வேலை செய்யிறீங்க,” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த பயிற்சிக்கு இறக்கிவிட்டு நின்றோம். கிற்றார்காரன் கனடாவிலிருந்து ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்திருந்தான். கிற்றாரின் தலையில் கவ்விப் பிடித்துக்கொண்டு பச்சை வெளிச்சம் காட்டும்.

“அது என்ன மின்னுது?” என்று பாடுகிறவன் கேட்டான்.

“சுருதி பாக்கிறதுடா.”

“என்ன சொல்லுது?”

“சரி எண்டு சொல்லுது,” என்றேன் நான்.

அன்றைக்கு அவனுக்கு உச்சம் வந்தது. உடையவில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

“வட்டைக்குள்ள தனியப் பாடக்குள்ள தொண்டை இறுகுதுடா. உங்களோட நிண்டா தானா வருது.”

வட்டை என்றால் வயல்வெளி. அவனுடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். ஒவ்வொரு விடியவும் அங்கே போய்ப் பாடிப் பழகுகிறானாம். அந்தக் காலத்தில் ஒலிநாடாவில் பதிந்ததை மகள் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து பாடுவானாம். அந்தப் பதிவு பழைய சுருதியில் இருப்பது. அதாவது தனியாக நிற்கும்போது அவன் உண்மையான உயரத்துக்கு ஏறிப் பழகிக்கொண்டிருந்தான். எங்களிடம் வந்தால் நாங்கள் படியை வெட்டிக் கொடுத்தோம். கூட்டாளிகள் பக்கத்தில் நிற்பதால் குரல் வருகிறது என்று அவன் நினைத்தான்.

நாங்கள் மூன்று பேரும் ஆளையாள் பார்க்கவில்லை. ட்றம்ஸ்காரன் குனிந்து காலடியில் கிடந்த மரத்தூளைக் காலால் தள்ளினான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்னும் நாள் இருந்தது.

இந்த முறை வயலினை விடவும் முடியவில்லை. கிற்றார்காரனுக்குக் கமெராவில் வயலின் வேண்டும். பாடுகிறவனோ, “அவள் வராட்டி நான் அந்தப் பாட்டுப் பாட மாட்டன்,” என்று நின்றான். அவள் பயிற்சிக்கு வரவில்லை. “அந்தப் பாட்டுக்கு எனக்கென்ன பயிற்சி, நித்திரையிலயும் வாசிப்பன்,” என்றாளாம். அது உண்மைதான்.

“அவளுக்கு நீ சொல்லு,” என்றேன் ட்றம்ஸ்காரனிடம்.

“நானோ? எனக்கு வீட்டில இருக்க வேணும் மச்சான். நீ சொன்னது, நீயே சொல்லு.”

“நாளைக்குச் சொல்லுறன்.”

நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வாசலால் எத்தனையோ தரம் போனேன். ஒருநாள் அவள் கேற்றடியில் நின்று, “என்ன கா, முகத்தைத் தூக்கி வச்சிட்டுப் போறீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன்,” என்று கூப்பிட்டாள். வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். மறந்துவிட்டேன் என்று பிறகு கிற்றார்காரனிடம் சொன்னேன். மறக்கவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பாடுகிறவனிடம் போய்ச் சொல் என்பாள். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால் வைத்து, ‘ஒரு கட்டை இறக்கி வாசி, காரணம் பிறகு சொல்கிறேன்’ என்று காதுக்குள் சொன்னால் போதும், அவளுக்கு வாதாட நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

நிகழ்ச்சியன்று பின்னேரம் ரவுணில் அவர்களுடைய சாதிசனத்தில் ஒரு கலியாணம். அவள் அங்கே வாசிக்கப் போய்விட்டாள். ஆட்டம் முடிய நேரமாகிவிட்டது. நாங்கள் மேடையேறிவிட்டோம், அவள் வரவில்லை.

மைதானம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கடல் காற்று. கயிறிழுத்த இடத்துப் புழுதி இன்னும் அடங்கவில்லை. முதல் பாட்டுக்கே எங்கள் வயதுக்காரர் முன்னுக்கு வந்து ஆடத் தொடங்கினார்கள். தொந்தியோடு ஆடினார்கள். ஒருத்தன், “அடேய் கிழவன்மாரே, மூச்சு விட்டு விட்டு அடிங்கடா!” என்று கத்தினான். ட்றம்ஸ்காரன் குச்சியால் அவனைக் காட்டி, “நீ முதல்ல வேட்டியப் பிடி!” என்றான். மைதானமே சிரித்தது. நன்றாகத்தான் போனது. எனக்கு விரல் நுனி தோல் உரிந்திருந்தது, நோவு தெரியவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் அந்தப் பேஸைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன் என்று நினைத்தேன்.

நான்காவது பாட்டுக்கு நடுவில் ஒரு ஓட்டோ வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றது. கலியாண வீட்டு உடுப்போடு, தலையில் பூவோடு அவள் இறங்கினாள். வயலின் பெட்டியை ஓட்டோவுக்குள்ளேயே திறந்து வயலினைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டு முடிந்தது. நான் பேஸைக் கழற்றிவிட்டுப் படிக்குப் போயிருக்க வேண்டும். பாடுகிறவன் என்னை முந்திவிட்டான். மைக்கில், “வந்திட்டாள்! எங்கட வயலின்காரி வந்திட்டாள்!” என்று கத்தி, கையைப் பிடித்து மேடையில் ஏற்றினான். சனம் கைதட்டியது. அவள் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வயலினை நாடிக்குக் கீழே கொடுத்தாள்.

வாசித்தாள். பழைய சுருதியில்.

அந்த நிமிடம் கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். கம்பி அறுந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராத வாயும் இல்லை. நின்றுகொண்டிருந்தேன்.

பாடுகிறவன் கண்ணை மூடினான். வயலினைப் பிடித்துக்கொண்டு அவன் குரல் ஏறியது. அவன் வட்டைக்குள் தனியாகப் பழகிய அதே உயரத்தில். அந்த நான்கு வரியையும் அவன் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை, வாலிப வயதிலும் இல்லை. முன்னுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு நாங்கள் இறங்கினோம், ஒரு கட்டை கீழே.

எவ்வளவு அசிங்கமான சத்தம் என்று வாசிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். சுவரில் லொறி மோதிய மாதிரி. கமெராக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிற்றார் வாசிக்கிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை. கழுத்தில் குறுக்கே பதித்த கோடுகளை பிரெட் என்போம். இரண்டு பிரெட் மேலே தள்ளி வாசித்தால் இறக்கிய கட்டை ஏறிவிடும். எனக்கு அது தெரியும். கிற்றார்காரனுக்கும் தெரியும். நான் இவ்வளவு நாளும் கனடாக்காரன், படம் காட்டுகிறவன் என்று திட்டிக்கொண்டிருந்தேனே, அவன் உடனே தள்ளினான். பாடுகிறவனைப் பின்தொடர்ந்து மேலே போனான். போய்விட்டு என்னைப் பார்த்து, வா என்று கண்ணால் காட்டினான்.

நான் போகவில்லை.

போகவில்லை என்பது மட்டுமில்லை, அம்ப் பெட்டியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன். கீழேயே நின்று அடித்தேன். ட்றம்ஸ்காரன் எப்போதும் பேஸோடு போகிறவன், என்னோடு நின்றான். கிற்றார்காரன் கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு எங்கள் கட்டைக்கு இறங்கி வந்துவிட்டான். வயலின்காரி வில்லை இறக்கினாள். பாடுகிறவன் மட்டும் மேலே தனியாக நின்றான். நான் கீழே நின்று அவனை இழுத்தேன்.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உச்சத்தில் குரல் உடைந்து அவன் ஊருக்கு முன்னால் அவமானப்படுவான், அதைத் தடுத்தேன் என்று முதலில் எனக்கு நானே சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி வேறு. அவனால் முடியாது என்று சொன்னவன் நான். அவன் மேலே போய்ப் பாடிவிட்டால் நான் சொன்னது பிழை. அந்த நேரத்தில் எனக்கு அவன் வெல்வது வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு கேவலமாக ஒரு மனிசன் மேடையில் நிற்கலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அவன் கண்ணைத் திறந்தான். முதலில் வயலின்காரியைப் பார்த்தான். பிறகு என் இடது கையைப் பார்த்தான். விரல்கள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றன, சத்தம் மட்டும் கீழே இருந்தது. மூன்றாம் பேர் யாருக்கும் அதில் ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. முகம் மாறவில்லை. மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். இரண்டு வரி பாடாமல் நின்றான். பிறகு எங்களுடைய சுருதிக்கு வந்து மிச்சத்தைப் பாடினான். ‘போகட்டும்’ லேசாக வந்தது. கையில் தூக்கி வைக்கிற மாதிரி வந்தது. சனம் விசில் அடித்தது. நடுவில் நடந்த குழப்பத்தை மைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். சவுண்ட்ஸ்காரனுக்கு ஏச்சு விழுந்தது. அந்தப் பாவத்தையும் நான்தான் சுமக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் அவன் அதிகம் நிற்கவில்லை. சோடா ஒன்றைக் குடித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் திறக்க விடியப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். சைக்கிளில் ஏறிப் போயிருந்தாலும் பரவாயில்லை, கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்திருப்பேன். அவன் நடந்து போனான்.

வயலின்காரி என்னிடம் வந்தாள்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இறக்கித்தானே வாசிச்சிருப்பன்?”

“நீ அவனுக்குச் சொல்லியிருப்பாய்.”

“ஓம். சொல்லியிருப்பன். மறுகா எது வேணுமெண்டு அவனே சொல்லியிருப்பான்.” பெட்டியை மூடினாள். “உங்கள எல்லாம் நம்பி ஒருத்தன் கண்ண மூடினான் பாருங்க,” என்றாள். தன் புருசனைப் பார்த்தும்தான் சொன்னாள். அவன் சிம்பலைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

கிற்றார்காரன் வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டு ஏற்றினான். உச்சம் வருகிற பகுதிக்கு நிறைய விருப்பங்கள் விழுந்தன. ‘குரல் அப்படியே இருக்கு’ என்று எழுதினார்கள். ஒன்றைக்கூட என்னால் முழுக்க வாசிக்க முடியவில்லை.

அவன் கனடாவுக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் விடியவே பேஸை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். வாவியைக் கடக்க மோட்டர் பூட்டிய மிதவை ஒன்று இருக்கிறது. அதைப் பாதை என்பார்கள். ஆளும் மாடும் உழவு இயந்திரமும் எல்லாம் அதில்தான் போகும். பாதைக்காரன் என் முதுகைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, வட்டைக்குள்ள கச்சேரியோ?” என்றான். ஓம் என்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வலை கட்டிய கம்புகளில் நீர்க்காகங்கள் இருந்தன. திரும்பிப் போய்விடலாமா என்று நடுவாவியில் யோசித்தேன். பாதையில் அது முடியாது, அக்கரைக்குத்தான் போகும்.

சிறுபோகத்துக்கு விதைத்து முடித்திருந்தார்கள். பாடுகிறவன் வரம்பில் நின்று மண்வெட்டியால் வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தான். மேல் பொத்தான் திறந்திருந்தது. தழும்பை முதன்முதல் அப்போதுதான் பார்த்தேன்.

“வா,” என்றான். “வாடிக்குள்ள தேத்தண்ணி இரிக்கு.”

வாடிக் குடிசைக்குள் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் இறக்குவோம் என்று சொன்னது. வயலின்காரிக்குச் சொல்லாமல் விட்டது. கிற்றார்காரன் அவனோடு மேலே போனது, நான் போகாமல் நின்றது. அவன் கால் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

“கிற்றார்காரன் மேல வந்ததோ?”

“ஓம்.”

“எனக்குக் கேக்கயில்ல. நீ அடிச்ச அடியில ஒண்டும் கேக்கயில்ல.” குச்சியை எறிந்தான். “அப்ப இஞ்ச தனியப் பாடினதுதான் உண்மை.”

“ஓம்.”

“இறுகினதும் உண்மை.”

“ஓம்டா.”

“இறுகினாலும் வந்தது. எல்லா நாளும் இல்ல. சில நாள் வந்தது.” அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வயலைப் பார்த்தான். “உடைஞ்சாலும் என்ட குரல்தானே உடைஞ்சிருக்கும். உனக்கென்ன நட்டம்?”

பேஸை உறையிலிருந்து எடுத்து, அவனுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பியாகப் பழைய சுருதிக்கு ஏற்றினேன். அம்ப் இல்லாமல் பேஸ் முனகத்தான் செய்யும். ஆனாலும் வாசித்தேன். பாடு என்றேன். இப்போது பாடு, நான் கேட்கிறேன் என்றேன்.

“ஏன், உனக்கு நான் சோதினை பாஸாகிக் காட்டணுமோ?” என்றான். பாடவில்லை.

நியாயம்தான். அவனால் முடிந்ததா இல்லையா என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அன்றைக்கு மேடையில் தெரிந்திருக்கும். நான்தான் விடவில்லை.

தேநீர் ஆறிவிட்டது. அவன் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

“அந்தக் காலத்திலயும் செஞ்சீங்களோ?”

“சில நாள்.”

“எந்த நாள்?”

“உனக்குத் தொண்டை கட்டின நாள்.”

யோசித்தான். அவன் முட்டாள் இல்லை. வரம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வயலின் இல்லாத நாளெல்லாம்,” என்றான்.

நான் பேஸை உறைக்குள் போடத் தொடங்கினேன். அதுவே போதுமாயிருந்தது.

“ஏறாவூர்க் காணிவலுக்கும் வயலின் இல்ல,” என்றான்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஏறாவூர்க் காணிவலில், ராட்டினங்களுக்கு நடுவில், நாங்கள் வாசித்த அன்றைக்கு இவன் ‘போகட்டும்’ என்று பிடித்த பிடியில் ராட்டினக்காரனே ராட்டினத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டான். இவன் அதைக் கலியாண வீடுகளில் சொல்வான், செத்த வீடுகளில் சொல்வான், உரக்கடையில் வரிசையில் நிற்கும்போதும் சொல்வான். ‘அண்டைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, எண்டாலும் பாத்தியா’ என்றுதான் தொடங்குவான். சத்திரசிகிச்சைக்குப் போகிற அன்று காலையிலும் வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான் என்று அவனுடைய மனிசி சொன்னாள்.

என்னைப் பார்த்தான். கோபமில்லை. கேட்கிற பார்வை. பதில் என்னவாக இருக்கவேண்டும் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

“அண்டைக்கு அவளுக்குக் காய்ச்சல்,” என்றேன். “அதுதான் வயலின் இல்ல. அண்டைக்கு இறக்கயில்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மூச்சை விட்டான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினான். “அண்டைக்குத் தொண்டை வேற கட்டியிருந்ததுடா,” என்று தொடங்கினான். ராட்டினக்காரன் வரைக்கும் முழுக்கச் சொன்னான். நான் வரம்பில் அவனுக்குப் பின்னால் நடந்துகொண்டே முழுக்கக் கேட்டேன்.

இந்தச் சித்திரைக்கும் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். கிற்றார்காரன் வருகிறானாம். பாடுகிறவன் ஓம் என்றுவிட்டான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். சுருதி அவனுக்கு முன்னால் கூட்ட வேண்டும். வயலின்காரி முதலில் வில் போடுவாள், நாங்கள் அவளுக்குப் பொருத்த வேண்டும். பயிற்சிகள் தொடங்கிவிட்டன. பழைய சுருதியில்தான் வாசிக்கிறோம். ‘போகட்டும்’ வருகிற இடத்தில் அவன் மைக்கை விட்டு விலகி நின்றுகொள்கிறான். அதை மேடைக்கு வைத்திருக்கிறானாம். ஒவ்வொரு பாட்டும் தொடங்க முன் என் கையைப் பார்க்கிறான். இப்போது அவன் கண்ணை மூடுவதில்லை.

அதை நான் தாங்கிக்கொள்வேன். அது எனக்கு வரவேண்டியது. ஏறாவூர்தான் என்னைத் தின்கிறது. அவனிடமிருந்து ஒன்றை ஒளித்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அவனுடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, அதே வேலையைத் திரும்பவும் செய்துவிட்டு வந்தேன். இந்த முறை கிற்றார்காரனும் இல்லை, கமெராவும் இல்லை, நான் மட்டும்தான்.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. ஏறாவூருக்குப் போகிற அன்று பின்னேரம் வெளிக்கிட்டு வயலின் பெட்டியோடு வாசலில் நின்றாள். இன்றைக்கு நீ வேண்டாம் என்று அவளிடம் சொன்னவன் நான்.